பேர் இருக்கா, இல்லையா: ஜாவா அரேயில் ஒரு சொல்லைத் தேட எந்த வழி?

தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் வெறும் பெயரல்ல. முழுநாள் வேலை எழுதப்பட்டால் பேர் விழுந்தது என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பேர் இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அதனாலோ என்னவோ, ஒரு ப்ரோகிராம் "பெயர் இல்லை" என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுர்ரென்று ஏறும்.

அதை நான் நேரிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு மாதச் சந்தா பதிய ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். 412 உறுப்பினர். பெயர்கள் ஒரு ஸ்ட்ரிங் அரேயில், அதாவது சொற்களை இடம் இடமாக வைக்கும் ஒரு பட்டியலில். முதல் கூட்டத்திலேயே செயலாளர் அண்ணன் "பொன்னம்மா" என்று அடித்தார். திரையில் "பதிவில் இல்லை". அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்: "என்னா தம்பி, அக்கா இந்தா நிக்குது, கொப்பியிலயும் பேரு இருக்கு, ஒன் பொட்டி மட்டும் இல்லேங்குது?"

அன்றிரவு முழுக்க நான் தேடும் முறையைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஜாவா தரும் வழிகள் எல்லாவற்றையும் அந்த ஒரு பெயருக்காகச் சோதித்த கதைதான் கீழே இருப்பது. கட்டளைப் பெயர்களை வகுப்பில் வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது வழமைப்படி அடித்துக்கொள்ளுங்கள்.

எதைக் கேட்கிறோம்?

அரேயில் சொல்லைத் தேடுவது என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நாலு கேள்வி இருக்கிறது. அந்தப் பெயர் இருக்கிறதா? இருந்தால் எத்தனையாவது இடத்தில்? ஒன்றுக்கு மேல் இருந்தால் எங்கெங்கே? முழுப்பெயரும் பொருந்த வேண்டுமா, ஒரு துண்டு போதுமா? எங்கள் சங்கத்தில் முத்துலெட்சுமி மூன்று பேர். முதல் முத்துலெட்சுமியைக் கண்டதும் நின்றுவிடும் தேடல் மற்ற இருவரின் சந்தாவையும் அவர் கணக்கிலேயே போட்டுவிடும். எது வேகம் என்று பார்ப்பதற்கு முன்னால் இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நான் செய்யவில்லை.

ஃபார் லூப்: நிரை பிடித்துப் போவது

கொழுந்தெடுக்கப் போனால் ஆளுக்கொரு நிரை. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை செடி செடியாகப் போக வேண்டும். ஃபார் லூப் அதுதான். 412 பெயரில் கடைசிப் பெயர் வேண்டுமென்றால் 412 ஒப்பீடு. பட்டியல் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்கும். வரிசைப்படுத்தத் தேவையில்லை, தனியாக நினைவகம் வேண்டாம், ஜாவாவின் எந்தப் பதிப்பிலும் ஓடும். மேலே சொன்ன நாலு கேள்விக்கும் இதுவே பதில் சொல்லும். இதை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் எனக்கும் இருந்தது, இப்போது இல்லை.

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கே மூன்று இடத்தில் வழுக்குகிறார்கள். முதலாவது, == போட்டு ஒப்பிடுவது. இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்பதைத்தான் அந்தக் குறி கேட்கும். எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று கேட்பது ஈக்வல்ஸ். மேல் லயத்து ராமாயியும் கீழ் லயத்து ராமாயியும் பெயரால் ஒன்று, ஆளால் வேறு; ஈக்வல்ஸ் பெயரைப் பார்க்கும், == ஆளைப் பார்க்கும். இதில் கொடுமை என்னவென்றால், ப்ரோகிராமுக்குள்ளேயே மேற்கோள்குறி போட்டு எழுதிய சொற்களை ஜாவா ஒரு பொதுக் குளத்தில் வைத்துக்கொண்டு, ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் ஒரே பொருளையே கொடுக்கிறது. அதனால் வீட்டில் சோதிக்கும்போது == சரியாக வேலை செய்யும். கீபோர்டிலிருந்தோ கோப்பிலிருந்தோ வாசித்த பெயர் அந்தக் குளத்தில் இருக்காது. ஆக, பிழை சபையில்தான் வெளியே வரும்.

இரண்டாவது, லூப்பின் உள்ளேயே எல்ஸ் போட்டு "இல்லை" என்று அச்சிடுவது. பெயர் கடைசியில் இருந்தால் 411 தடவை "இல்லை" விழுந்து பிறகு ஒரு "இருக்கிறது". இல்லை என்ற தீர்ப்பை நிரை முழுவதும் முடிந்தபின்தான் சொல்ல முடியும். ஆம், இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு பூலியன் மாறியில் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது தேடலைக் கூப்பிட்டால் ஓடும் தனித் துண்டாக, அதாவது மெதட்டாக, எழுதிக் கண்டவுடன் ரிட்டர்ன் செய்யுங்கள்.

மூன்றாவது, வெற்று இடங்கள். 500 இடம் ஒதுக்கி 412 பெயர் மட்டும் நிரப்பினால் மிச்சம் 88 இடத்தில் நல், அதாவது ஒன்றுமில்லை என்ற குறி, உட்கார்ந்திருக்கும். அரேயில் இருக்கும் பெயரிலிருந்து ஈக்வல்ஸைக் கூப்பிட்டால் 413ஆவது இடத்தில் நல் பொயின்டர் பிழையோடு ப்ரோகிராம் விழும். திருப்பிப் போட்டு, தேடும் சொல்லிலிருந்து ஈக்வல்ஸைக் கூப்பிட்டால் நல் வந்தாலும் "பொருந்தவில்லை" என்று அமைதியாகப் போய்விடும்.

ஒற்றை வரியில் முடிப்பவை

அரேஸ்.ஆஸ்லிஸ்ட் என்று அரேயை ஒரு லிஸ்டாகக் காட்டி அதில் கொன்டெய்ன்ஸ் கேட்கலாம்; இடம் வேண்டுமென்றால் இன்டெக்ஸ்ஒஃப். "இருக்கிறதா" என்பது மட்டுமே கேள்வியென்றால் எனக்குப் பிடித்த வழி இதுதான். பட்டியலைப் பிரதி எடுக்காமல் அதே அரேயின் மேல் ஒரு முகமூடி மாட்டுகிறது, அவ்வளவே. உள்ளே நடப்பதும் அதே நிரை பிடித்த நடைதான், வேகத்தில் வித்தியாசம் தேடாதீர்கள். முகமூடி என்பதால் அந்த லிஸ்டில் புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாது. அதை வரிசைப்படுத்தினால் அடியில் இருக்கும் அரேயும் கலையும். ஜாவா 9இல் வந்த லிஸ்ட்.ஒஃப் இதன் தம்பி போலத் தெரியும், ஆனால் அது பிரதி எடுக்கும், நல் ஒன்று கண்ணில் பட்டாலும் பிழை எறியும். பாதி நிரம்பிய அரேக்கு அது ஆகாது.

2014இல் ஜாவா 8ஓடு, பெயர்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்க்கும் ஸ்ட்ரீம் வந்தது. அரேஸ்.ஸ்ட்ரீம், பிறகு எனிமேட்ச், உள்ளே நிபந்தனை. கண்டதும் நின்றுவிடும். தனிப்பெயரைத் தேட இதை எடுப்பது, முச்சந்திக் கடைக்குப் போக பஸ் பிடிப்பது மாதிரி. ஆனால் "மு என்று தொடங்கி, இந்த மாதம் சந்தா கட்டாதவர்கள்" என்று நிபந்தனைகள் அடுக்கப்படும்போது ஃபார் லூப்பைவிட வாசிக்க நன்றாயிருக்கும். மூன்று முத்துலெட்சுமியின் இடங்களும் வேண்டுமென்றால் இன்ட்ஸ்ட்ரீம்.ரேஞ்ச் கொண்டு எண்களை ஓடவிட்டு ஃபில்டர் செய்யலாம்.

பைனரிசேர்ச்: வரிசையாக இருந்தால் மட்டும்

நடுவைப் பார், பாதியைத் தள்ளு, மிச்சத்தின் நடுவைப் பார். 412 பெயருக்கு அதிகபட்சம் 9 ஒப்பீடு. 10 லட்சம் பெயருக்கும் 20தான். கேட்கும்போது வாயூறும். நான் அன்றிரவு முதலில் தாவியதும் இதற்குத்தான்.

ஒரு பெயரைத் தேடுவதற்காகப் பட்டியலை வரிசைப்படுத்துவது நட்டமான வியாபாரம். கலைந்து கிடக்கும் 412 பெயரை வரிசைப்படுத்தவே ஏறத்தாழ 3,000 ஒப்பீடு ஆகும். நேராக நடந்தால் 412இல் முடிந்திருக்கும். ஒரு தடவை அடுக்கிவிட்டுப் பல நூறு தடவை தேடினால்தான் கட்டுப்படியாகும். அடுக்கும்போது மூல வரிசையும் போய்விடும். உறுப்பினர் எண் இன்னொரு அரேயில் அதே இடத்தில் இருந்தால், பெயர் ஒருவருக்கும் எண் இன்னொருவருக்குமாகப் பொருந்திவிடும். பிரதி எடுத்து அதை அடுக்குங்கள்.

அடுக்காத அரேயைக் கொடுத்தால் பைனரிசேர்ச் குறை சொல்லாது, பிழையும் எறியாது, ஏதோ ஒரு விடையைத் தந்துவிட்டுப் போகும். ஒரே பெயர் பல தடவை இருந்தால் எதைத் தரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. இல்லையென்றால் −1 வரும் என்று நினைத்து இஃப் எழுதுகிறவர்களும் உண்டு. அந்தப் பெயர் நுழைய வேண்டிய இடத்தை எடுத்து, எதிர்க்குறி போட்டு, இன்னும் ஒன்றைக் கழித்துத் தருவதுதான் அதன் வழக்கம். நுழைய வேண்டிய இடம் 7 என்றால் −8 வரும். பூச்சியத்துக்குக் கீழா என்று மட்டும் பாருங்கள்.

எனக்கு மாட்டியது வேறொன்று. செயலாளர் அண்ணனின் கொப்பி அகராதி வரிசையில் அழகாக இருந்தது. ஏற்கெனவே அடுக்கியதுதானே என்று அப்படியே பைனரிசேர்ச்சுக்குக் கொடுத்தேன். தமிழ் அகராதியில் கண்ணன் முன்னே, கணேசன் பின்னே, ஏனென்றால் புள்ளி வைத்த எழுத்து முதலில் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. ஜாவாவின் வழமையான ஒப்பீடு அந்த எண்களைத்தான் பார்க்கும், ஆகவே அதற்குக் கணேசன்தான் முன்னே. ன, ற இரண்டும் அகராதியில் கடைசி. யூனிகோடில் ந முடிந்ததும் ன, ர முடிந்ததும் ற. நமக்கு வரிசையாகத் தெரியும் பட்டியல் ஜாவாவின் கண்ணுக்குக் கலைந்த பட்டியல். அகராதி வரிசைதான் வேண்டுமென்றால் எது முன்னே எது பின்னே என்று சொல்லும் ஒரு கொம்பரேட்டர் எழுதி, அடுக்கும்போதும் தேடும்போதும் அதையே கொடுக்க வேண்டும்.

பைனரி தேடலைச் சொந்தமாக எழுதப் பார்க்கிறீர்களா? ஜாவாவின் நூலகத்தில் அதை எழுதிய ஜோஷுவா புளொக்கே 2006இல் ஒரு பிழையை ஊருக்குச் சொன்னார். நடுவைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தார்கள்; அரேயின் அளவு 107 கோடியைத் தாண்டும்போது அந்தக் கூட்டல் இன்ட் என்ற எண் வகையின் எல்லையை மீறி எதிர் எண்ணாகிவிடும். ஏறத்தாழ 9 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பிழை. நம் சங்கத்துக்கு 107 கோடி உறுப்பினர் வரப்போவதில்லைதான். ஆனாலும் இருக்கும் மெதட்டைப் பயன்படுத்துங்கள் என்பேன்.

ஹேஷ்செட்டும் ஹேஷ்மேப்பும்

திரும்பத் திரும்பத் தேட வேண்டுமென்றால் பெயர்களை ஒரு தடவை ஹேஷ்செட்டில் போட்டுவிடுங்கள். பெயரிலிருந்து ஓர் எண் கணக்கிட்டு, அந்த எண்ணுக்குரிய பெட்டியைத் திறந்து பார்க்கும். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் சராசரியில் ஒன்றிரண்டு ஒப்பீட்டோடு முடிந்துவிடும்.

அந்த எண் எப்படி வருகிறது? இதுவரை வந்ததை 31ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டு, அவ்வளவுதான். கையாலேயே போட்டுப் பார்த்தேன்: "மலை"க்கு 2,969,220. பொருளே இல்லாத "மளன"வுக்கும் அதே 2,969,220. ஒரே பெட்டியில் இரண்டும் விழுந்தாலும் ஆள் மாறாது, பெட்டிக்குள் ஈக்வல்ஸ் வைத்து மறுபடி சரிபார்க்கும். ஜாவா 8 முதல், ஒரே பெட்டியில் நெரிசல் கூடினால் உள்ளே ஒரு மரமாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

ஹேஷ்செட்டில் எனக்குள்ள மனக்குறை: மூன்று முத்துலெட்சுமியும் ஒருவராகிவிடுவார்கள். இடமும் தெரியாது. அதற்கு ஹேஷ்மேப் வேண்டும், பெயருக்கு எதிரே உறுப்பினர் எண்களின் பட்டியலோடு.

இதெல்லாம் எங்களுக்குத் தேவையா? ஒரு கூட்டத்தில் 412 பேரையும் ஒவ்வொருவராகத் தேடினாலும், நிரை பிடித்த நடையில் அதிகபட்சம் 412ஐ 412ஆல் பெருக்கி 169,744 ஒப்பீடு. பழைய லெப்டொப்புக்கும் அது கண் இமைக்கும் வேலை. சந்தாக் காசை எண்ணி மிச்சம் கொடுப்பதுதான் நேரம். ஒரு லட்சம் பெயரில் ஒரு லட்சம் தடவை தேடினால் 1000 கோடி ஒப்பீடு வரும், அப்போது ஹேஷ்மேப் இல்லாமல் தப்ப முடியாது. இடையில் எங்கே கோடு கிழிப்பது? சில ஆயிரம் பெயர்கள் வரை நான் லூப்பைத் தொடமாட்டேன்.

துண்டு மட்டும் தெரிந்தால்

"ஏதோ மலைன்னு முடியும் தம்பி" என்பார்கள். அப்போது ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்குள்ளும் கொன்டெய்ன்ஸ் கேட்க வேண்டும். லிஸ்டின் கொன்டெய்ன்ஸ் முழுப்பெயரைக் கேட்பது, ஸ்ட்ரிங்கின் கொன்டெய்ன்ஸ் துண்டைக் கேட்பது. பெயர் ஒன்று, வேலை வேறு. "மலை" என்று தேடினால் அண்ணாமலையும் வருவார், மலைச்சாமியும் வருவார். முடிவில்தான் வேண்டுமென்றால் எண்ட்ஸ்வித் இருக்கிறது. பைனரிசேர்ச்சும் ஹேஷும் இங்கே உதவாது.

பெயரை விட்டு வசனங்களில் தேடினால் தமிழ் நம்மை இன்னொரு விதமாக ஏய்க்கும். "கண்டியில் கூட்டம்" என்ற வரியில் "கண்டி" கிடைக்கும். "ஹட்டனில் கூட்டம்" என்ற வரியில் "ஹட்டன்" கிடைக்காது. வேற்றுமை உருபு சேரும்போது ன்னின் புள்ளி போய் னி ஆகிவிட்டது; தேடும் சொல்லின் கடைசியில் அந்தப் புள்ளி இன்னும் நிற்கிறது. புள்ளியை வெட்டிவிட்டு "ஹட்டன" என்று தேடினால் இரண்டும் அகப்படும். வடிவம் சொல்லித் தேடும் ரெஜெக்ஸில் சொல்லெல்லைக் குறி போட்டுத் தமிழைத் தேடுவோருக்கு ஒரு சொல்: ஜாவா 19 முதல் அந்தக் குறி வழமையில் ஆங்கில எழுத்துகளையே சொல்லெழுத்தாக எடுத்துக்கொள்கிறது. யூனிகோட் எழுத்துவகைக்கான கொடியை, அதாவது ஃப்ளாக்கை, சேர்த்தால்தான் தமிழுக்குச் சரிவரும்.

பொன்னம்மா ஏன் கிடைக்கவில்லை

லூப் போட்டேன், லிஸ்ட் போட்டேன், பைனரி, ஹேஷ் எல்லாம் போட்டேன். எல்லாவற்றுக்கும் பொன்னம்மா இல்லை. விடியப்போகும் நேரத்தில், வேறு வழியில்லாமல், இரண்டு பொன்னம்மாவின் நீளத்தையும் லெங்த் வைத்து அச்சிட்டேன். அண்ணன் அடித்தது 9. அரேயில் இருந்தது 10.

யூனிகோடில் "பொ"வை இரண்டு விதமாக எழுதலாம். ப, அதோடு ஒகரக் குறி ஒன்று. அல்லது ப, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாக. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று. ஈக்வல்ஸுக்கு வேறு, ஹேஷுக்கு வேறு. எங்கள் சங்கத்துப் பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினியில் திரையில்தான் தமிழ், உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அதில் கொம்பை முதலில் அடித்து, எழுத்தை அடித்து, பிறகு காலை அடிப்போம். அதை யூனிகோடாக மாற்றிய கருவி கொம்பையும் காலையும் பிரித்தபடியே விட்டிருந்தது. பொன்னம்மா மட்டுமல்ல, கோவிந்தன், லோகநாதன், கொட்டகலைக்காரர், டிக்கோயாக்காரர் என்று ஒகரம் ஓகாரம் உள்ளவர்கள் எல்லாரும் பதிவில் இருந்தும் இல்லாதவர்கள்.

இதற்கு மருந்து ஜாவா 6இலிருந்தே இருக்கிறது: நோர்மலைசர். பட்டியலை வாசிக்கும்போதே ஒவ்வொரு பெயரையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்; தேட வரும் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பலனில்லை.

இடைவெளியும் இதே ரகம். ட்ரிம் சாதாரண இடைவெளியை வெட்டும். ஜாவா 11இல் வந்த ஸ்ட்ரிப் இன்னும் பல வகை இடைவெளிகளைப் புரிந்துகொள்ளும், ஆனால் வேர்டிலிருந்து ஒட்டும்போது வரும் உடையா இடைவெளியை இரண்டுமே விட்டுவிடும். அகலமே இல்லாத மறை எழுத்துகளையும் தொடாது. அவற்றை ரிப்ளேஸ் போட்டு நீங்களே களைய வேண்டும்.

என்எஃப்சிக்கும் எட்டாத ஆள் ஒருவர் உண்டு: கௌரி. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு ள எழுத்தை அடித்துவிடுவார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். யூனிகோட் கணக்கில் அது வேறு எழுத்து, வேறு சொல். அதைப் பட்டியலில் கையால் திருத்தினேன்.

கடைசியில் எதை வைத்தேன்

பெயரைச் சுத்தம் செய்ய ஒரு மெதட்: நோர்மலைசர், மறை எழுத்து நீக்கம், ஸ்ட்ரிப். அதற்குப்பின் பழைய ஃபார் லூப்பே, ஈக்வல்ஸோடு, கண்டதும் நிற்காமல் பொருந்தும் எல்லா உறுப்பினர் எண்களையும் சேர்த்துக் காட்டும்படி. துண்டுத் தேடலுக்கு ஸ்ட்ரீமில் நாலு வரி. பைனரிசேர்ச்சை அழித்துவிட்டேன். ஹேஷ்மேப் ஒரு கோப்பில் தூங்குகிறது. பக்கத்துத் தோட்டத்துச் சங்கங்களும் சேர்ந்தால் எழுப்பலாம்.

அடுத்த கூட்டத்தில் பொன்னம்மா அக்கா உட்பட ஒகர, ஓகாரக்காரர்கள் எல்லாரும் கிடைத்தார்கள். பிறகு அண்ணன் "முத்துலச்சுமி" என்று அடித்தார். இல்லை. கொப்பியில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் முத்துலட்சுமி, வாயில் முத்துலச்சுமி. அதற்கு ஜாவாவில் ஒரு மெதட்டும் கிடையாது. சந்தா அட்டையின் மூலையில் உறுப்பினர் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள் அண்ணே என்றேன். 412 அட்டை, இரண்டு பேராக உட்கார்ந்து எழுதினோம்.